மூச்சு வாங்கும் விளக்குகள்

இரவு எட்டு மணிக்கு மேல் புதுமடம் கடற்கரையில் போய் நின்றால் கடல் தெரியாது, விளக்குகள்தான் தெரியும். கரையோரம் கட்டிக் கிடக்கும் வத்தையில் யாரோ வலையைச் சரிபார்க்கும் டார்ச் வெளிச்சம் ஒன்று. அதே அளவில், அதே மஞ்சளில் கடலுக்குள்ளே இன்னொன்று. அது கிட்டே வந்துகொண்டிருக்கும் வள்ளத்தின் சின்ன விளக்கா, பல மைல் தள்ளிப் போகும் பெரிய படகின் விளக்கா? நடுவில் இருக்கும் தூரத்தை இருட்டு விழுங்கிவிடுகிறது. வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் ஒரு விளக்கை மட்டும் குழப்பிக்கொள்வதில்லை. அது கலங்கரை விளக்கம். ஒவ்வொன்றுக்கும் கண்சிமிட்டும் கணக்கு தனித்தனி. ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எண்ணிப் பார்த்தால் எந்த ஊர் விளக்கு என்று தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் விளக்கின் உண்மையான பலம் தெரியும். அந்தப் பலமுள்ள விளக்கு இப்போது இவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்றால் அது இருக்கும் தூரமும் தெரியும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு, மூன்று மடங்கு தள்ளிப் போனால் ஒன்பதில் ஒரு பங்கு. இந்த ஒரு கணக்குப் போதும்.

வானத்திலும் இப்படிக் கண்சிமிட்டும் விளக்குகள் உண்டு. அவை பெரும்பாலும் வயதாகிப்போன விண்மீன்கள். நாம் குடியிருக்கும் பால்வழி என்கிற விண்மீன் திரளின் உருவம் என்ன என்பதை, அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நாம் கண்டுபிடித்தது பெரிய அளவில் இந்தக் கிழடுகளின் தயவால்தான்.

இவற்றில் சிலவற்றை நமக்கு ஏற்கெனவே தெரியும். திருவாதிரை, ரோகிணி, கேட்டை, சுவாதி ஆகிய நான்கும் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருப்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். புதுமடத்திலிருந்து பக்கம்தான் உத்தரகோசமங்கை. மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராசரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும் அந்த இரவில் நிமிர்ந்து பார்த்தால், முழு நிலாவை ஒட்டிச் சிவந்து நிற்பது அந்த விண்மீன். மேல்நாட்டார் அதை பீட்டல்ஜூஸ் என்கிறார்கள். 'யத் அல்-ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸாவின் கை என்ற அரபுப் பெயரை ஐரோப்பாவில் யாரோ படியெடுத்தபோது, இரண்டு புள்ளி வைத்த 'ய' எழுத்தை ஒரு புள்ளி வைத்த 'ப' என்று படித்துவிட்டார்கள். அந்தப் பிழை இன்றைக்கும் விண்மீன் அட்டவணையில் நிற்கிறது. ரோகிணியின் மறுபெயரான அல்தபரானும் அரபுதான். கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து எழுவதால் 'பின்தொடர்வது' என்று பெயர்.

சரி, விண்மீனுக்கு வயதாவது என்றால் என்ன?

காய்ந்த ஓலைப்பாயின் நடுவில் ஒரு கங்கு விழுந்தால் என்ன நடக்கும்? நடுப்பகுதி எரிந்து சாம்பலாகிவிடும். நெருப்பு அணைந்துவிடாது, சாம்பலைச் சுற்றி ஒரு வளையமாக வெளிப்பக்கம் நகரும். விண்மீனின் வயிற்றிலும் இதுதான் நடக்கிறது. அங்கே விறகு ஹைட்ரஜன், சாம்பல் ஹீலியம். (எரிதல் என்றால் அடுப்பெரிவது போன்றதல்ல. அணுக்கருக்கள் ஒன்றோடொன்று சேரும் அணுக்கரு இணைவு அது.) மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் சாம்பல் உருண்டை தன் எடையாலேயே நசுங்கிச் சூடேறுகிறது. அதைச் சுற்றியுள்ள வளையம் முன்னைவிட மூர்க்கமாக எரிகிறது. உள்ளே இவ்வளவு வெப்பம் கிளம்பினால் மேல்பகுதி பொறுக்குமா? பொங்கி விரிகிறது. விரிந்த பரப்பில் அந்த வெப்பம் பரவிப் போவதால் ஒவ்வொரு இடத்திலும் சூடு குறைகிறது. கொல்லன் உலையில் வெண்மையாய்ப் பழுத்த இரும்பு ஆறும்போது மஞ்சளாகிச் சிவப்பாவதைப் போல விண்மீனும் சிவக்கிறது. மொத்த வெளிச்சம் கூடுகிறது, மேற்பரப்பின் சூடு குறைகிறது. இதைத்தான் செம்பெருமீன் என்கிறோம். இன்னும் 500 கோடி ஆண்டு கழித்து நம் சூரியனும் அந்த நிலைக்கு வரும்.

வயது என்று சொல்லும்போது ஆண்டுக் கணக்கை நம்பக்கூடாது. சூரியனுக்கு 460 கோடி வயது, ஆனால் நடுவயதுதான். திருவாதிரைக்கு ஏறத்தாழ ஒரு கோடி வயதுதான், ஆனால் கிழம். கொழுத்த மீன் விறகை ஊதாரித்தனமாக எரித்துத் தீர்த்துவிடுகிறது.

இப்படிப் பொங்கிப்போன மீன்கள் பல ஒரே வெளிச்சத்தில் நிற்பதில்லை. ஏறும், இறங்கும். இதை நம் பக்கத்திலிருந்து கண்டவர்களில் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தார். (தொலைநோக்கியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்னும் அந்த வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. வானிலை அறிக்கை கேட்க நாம் நாடும் அதே இடம்தான்.) 1867இல், தெற்கு வானில் ரெட்டிகுலம் என்ற சிறு விண்மீன் குழுவில் ஒரு மீனின் ஒளி மாறுவதை அவர் கண்டறிந்தார். அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் எந்த இந்தியருக்கும் அந்த இடம் கிடைத்ததில்லை. ஆனாலும் நம் பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவருடைய மேலதிகாரி நார்மன் போக்சன். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் படிக்கணக்கை ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகும் என்பது அவருடைய ஏற்பாடு. அந்தக் கணக்கில் ஆர் ரெட்டிகுலி உச்சத்தில் ஏறக்குறைய 6.5ஆம் படியில் நிற்கிறது, தாழ்வில் 14ஆம் படிவரை போகிறது. அதாவது ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 280 நாள்.

ஆயிரம் மடங்கு என்றதும் அந்த மீனே அணைந்து அணைந்து எரிகிறது என்று நினைத்துவிட வேண்டாம். மீன் ஆறும் கட்டத்தில் அதன் மேல்காற்றில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் பெருகித் திரை போட்டுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அந்தத் திரைதான் தின்கிறது. நம் கண்ணுக்குப் படாத, சூடாக மட்டும் உணரக்கூடிய அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் மாற்றம் சில மடங்குக்குள் அடங்கிவிடும். இந்த வகை மீன்களுக்கு மீரா என்று பெயர். 1596இல் டேவிட் ஃபாப்ரிசியஸ் கண்ட முதல் மீனின் பெயர் அது. லத்தீனில் 'அதிசயமானது' என்று பொருள். மீராபாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏன் இந்த ஏற்ற இறக்கம்? கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடியைப் பாருங்கள். நீராவி சேர்ந்து மூடியைத் தூக்கும், இடுக்கு வழியாக ஆவி வெளியேறும், அழுத்தம் குறைந்ததும் மூடி விழும். மறுபடி ஆவி சேரும். துடிக்கும் விண்மீனின் மேலடுக்கில் உள்ள வாயு இந்த மூடியின் வேலையைச் செய்கிறது. நசுங்கும்போது அது உள்ளிருந்து வரும் வெப்பத்தை மறித்துச் சேர்த்துக்கொள்கிறது. சேர்ந்த வெப்பம் அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்ததும் வெப்பம் ஒழுகிப் போய்விட, அடுக்கு மீண்டும் உள்ளே விழுகிறது. மீன் மூச்சு வாங்குகிறது. விண்மீனுக்குள் இப்படி ஒரு அடைப்பிதழ் வேலை செய்கிறது என்ற எண்ணத்தை வளர்த்தவர் ஆர்தர் எடிங்டன். நம்ம வானியற்பியலாளர் சந்திரசேகரோடு வாதாடிய அதே எடிங்டன்.

இந்த மூச்சுதான் நம் கலங்கரை விளக்கத்தின் கண்சிமிட்டல். கயிறு குட்டையான ஊஞ்சல் சடசடவென்று ஆடும், உயரக் கிளையில் கட்டிய ஊஞ்சல் மெதுவாக ஆடும். அதுபோல விரிந்து பெருத்த மீன் மெதுவாக மூச்சு விடும், சிறியது வேகமாக விடும். பெருத்த மீனுக்கு வெளிச்சமும் அதிகம். ஆகவே துடிப்புக் காலத்தை எண்ணினாலே உண்மையான ஒளி எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

சொல்வது எளிது, இது உண்மை என்று எப்படித் தெரிந்தது? தூரம் தெரியாமல் உண்மையான ஒளி தெரியாது, உண்மையான ஒளி தெரியாமல் தூரம் தெரியாது. கோழியா முட்டையா கதைதான். முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் கூலிக்கு ஒளிப்படத் தகடுகளைச் சரிபார்த்த ஹென்ரியட்டா லீவிட் என்ற பெண். தூரமே தெரியாவிட்டாலும், எல்லாமே ஒரே தூரத்தில் இருந்தால் போதும் என்பது அவர் பிடித்த சூட்சுமம். கரையிலிருந்து பார்க்கும்போது ஒரே துறையில் நங்கூரமிட்ட படகுகள் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தானே நிற்கின்றன? அங்கே ஒன்றைவிட ஒன்று பிரகாசமாகத் தெரிந்தால் அந்த விளக்கே பெரியது என்று பொருள். சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் திரள்தான் லீவிட்டின் துறைமுகம். அங்கே செஃபீட் என்ற வகையைச் சேர்ந்த 25 துடிக்கும் மீன்களை வரிசைப்படுத்தியபோது, துடிப்பு நீள நீள ஒளி கூடுவது கண்ணாடிபோல் தெரிந்தது. 1912இல் அதை வெளியிட்டார். மீராக்களுக்கும் அப்படி ஒரு விதி உண்டு என்பது 1981இல் உறுதியானது. இயன் கிளாஸும் லாய்ட் எவன்ஸும் தென்னாப்பிரிக்காவிலிருந்து பெரிய மெகல்லன் மேகத்தை அகச்சிவப்பில் பார்த்துச் சொன்னார்கள்.

இந்த விதியைக் கொண்டு, இது அதைவிட இத்தனை மடங்கு தொலைவு என்று சொல்லலாம். மைல் கணக்கில் சொல்ல வேண்டுமானால் ஒரு விளக்கின் தூரமாவது நேரடியாக அளந்திருக்க வேண்டும். அதற்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. கடற்கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் கிட்டே நிற்கும் படகு, தூரத்துத் தீவுக்கு முன்னால் இடம் மாறித் தெரியும். எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து படகின் தூரத்தைக் கணக்கிடலாம். இது இடமாறு தோற்றம். பூமி சூரியனைச் சுற்றி ஆறு மாதம் நடப்பதுதான் வானியலாருக்குக் கடற்கரை நடை. 2013இல் ஐரோப்பா ஏவிய கையா விண்கலம் இந்த முறையில் 140 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்தது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், மீரா போன்ற செம்பெருமீன்களிடம் இந்த அளவுகோல் தடுமாறுகிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையையே விழுங்கும் அளவுக்கு அவை பெருத்திருக்கின்றன. இடம் மாறுவதைவிட மீனின் உடம்பே அகலம். அந்த உடம்பும் கொதித்துக் குமிழியிட்டுக்கொண்டிருக்கிறது. குலுங்கும் பெரிய படகின் எந்த மூலையைக் குறிவைத்து அளப்பது?

அதனால்தான் வேறு வழியும் தேவைப்பட்டது. அப்படி ஒரு வழியில் நம்மவர் பெயரும் இருக்கிறது. சென்னையில் 1927இல் பிறந்த வைணு பாப்பு, கலிஃபோர்னியாவில் ஓலின் வில்சனோடு சேர்ந்து 185 விண்மீன்களின் நிறமாலையை ஆராய்ந்தார். நிறமாலை என்பது விண்மீன் ஒளியை வானவில்போல் பிரித்து விரித்த பட்டை. அதன் ஊதா முனையில், சுண்ணாம்பில் இருக்கும் அதே கால்சியம் ஒரு கறுத்த கோட்டைப் போடுகிறது. சூடு தணிந்த மீன்களில் அந்தக் கறுப்புக்கு நடுவே மெல்லியதாய் ஒரு வெளிச்சக் கோடு. அந்த வெளிச்சக் கோடு எவ்வளவு அகலமோ, மீனின் உண்மையான ஒளி அவ்வளவு அதிகம். போக்சனின் கணக்கில் 15 படிவரை, அதாவது பத்து லட்சம் மடங்கு ஒளி வித்தியாசத்துக்கு இந்த உறவு நிற்கிறது. 1957இல் வெளியான இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர். துடிப்பை எண்ண வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், நல்ல நிறமாலை ஒன்று போதும்.

பாப்பு 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். பிறகு தெற்கு வானம் தெரிகிற இடமாகத் தேடி, ஜவ்வாது மலையில் வாணியம்பாடிக்குப் பக்கத்துக் காவலூரில் தொலைநோக்கிகளை நிறுவினார். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி முடிவதைப் பார்க்க அவர் இல்லை. 1982இல் இறந்துவிட்டார். 1986இல் அதற்கு அவர் பெயர் வைத்தார்கள். ரகுநாதாச்சாரி வேலை பார்த்த நுங்கம்பாக்கம் ஆய்வகம்தான் கொடைக்கானல் வழியாக வளர்ந்து இன்றைய இந்திய வானியற்பியல் நிறுவனமாயிற்று. காவலூரும் அதன் கீழ்தான்.

விளக்குகளின் தூரம் தெரிந்துவிட்டது, ஊரின் படத்தை வரையலாம். நம் நிலைமை ஊருக்குள்ளேயே ஒரு தெருவில் நின்றுகொண்டு, கூரை மேல் ஏறாமல், அந்த ஊரின் வரைபடத்தை வரைவதைப் போன்றது. வில்லியம் ஹெர்ஷல் 1785இல் முயன்றார். பல பக்கமும் பார்த்து விண்மீன்களை எண்ணினார், பால்வழி ஓடும் திசைகளில் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் சமமாக வந்தது. ஆகவே சூரியன் ஊர் நடுவில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். மூடுபனியில் நிற்பவன் எந்தப் பக்கம் பார்த்தாலும் நூறு அடிதான் தெரியும், அவனும் தன்னை நடுவில் இருப்பதாகத்தான் நினைப்பான். பால்வழியில் அந்தப் பனியின் வேலையைத் தூசி செய்கிறது என்பது 1930இல்தான், ராபர்ட் டிரம்ப்ளர் வழியாக, உறுதிப்பட்டது.

ஹார்லோ ஷேப்லி 1918இல் வேறு வழியைப் பிடித்தார். ஊருக்குள் சுவர்கள் மறைத்தாலும் கூரைகளுக்கு மேலே மினாரா விளக்குகள் தெரியும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவின்போது சந்துக்குள் நிற்கிறவனுக்கும் உயரத்து விளக்குகள் எந்தப் பக்கம் நெருங்கிக் கிடக்கின்றன என்று தெரியும், தர்கா அந்தப் பக்கம் என்று அவன் ஊகித்துவிடுவான். பால்வழியின் தட்டுக்கு மேலும் கீழும் மிதக்கும் உருண்டைக் கொத்துகள்தான் இந்த மினாராக்கள். ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான கிழட்டு மீன்களின் மூட்டை. அவற்றுக்குள் அரை நாளில், ஒரு நாளில் துடிக்கும் மீன்களைக் கொண்டு ஷேப்லி தூரம் கண்டார். கொத்துகள் தனுசு ராசிப் பக்கம் குவிந்திருந்தன. ஊரின் நடு அங்கே, நாம் புறநகரில். தூரத்தை அவர் கூட்டிச் சொல்லிவிட்டார். இன்றைய கணக்கு மையத்துக்கு 26,000 ஒளியாண்டைச் சற்றுத் தாண்டும். திசை மட்டும் தப்பவில்லை.

ஊர் நடுவின் உருவம் இன்னும் தாமதமாகத்தான் தெரிந்தது. அங்கே தூசித் திரை அதிகம். கண்ணுக்குத் தெரியும் ஒளி அதில் மாட்டிக்கொள்ளும், அகச்சிவப்பு ஊடுருவிவிடும். மீராக்கள் அகச்சிவப்பில்தான் ஜொலிக்கின்றன. 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் விண்கலம் காட்டிக்கொடுத்த மீராக்களை வைத்து, 1992இல் தென்னாப்பிரிக்காவில் பட்ரிசியா வைட்லாக்கும் ராபின் கேட்ச்போலும் ஒன்றைக் கவனித்தார்கள். மையத்துக்கு ஒரு பக்கம் இருக்கும் மீராக்கள் நமக்குக் கிட்டேயும், மறுபக்கத்தவை எட்டேயும் இருந்தன. நடுப்பகுதி உருண்டையாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக வந்திருக்கும். அங்கே இருப்பது நீளவாக்கில் ஒரு பட்டை, ஒரு முனையை நம் பக்கம் திருப்பி, சாய்வாக நங்கூரமிட்ட வத்தையைப் போல. வேறு குழுக்கள் வேறு வழிகளில் செய்த அளவுகளும் அதையே சொன்னதால்தான் அது நிலைத்தது.

ஓரத்தின் கதை 2019இல் வந்தது. போலந்து வானியலாளர்கள் சிலியிலிருந்து 2,431 செஃபீட் மீன்களின் தூரத்தை அளந்து முப்பரிமாணப் படம் வரைந்தார்கள். பால்வழித் தட்டு நாம் நினைத்தபடி சப்பட்டையாக இல்லை. வெயிலில் காய்ந்த அப்பளத்தைப் போல ஒரு ஓரம் மேலே, எதிர் ஓரம் கீழே வளைந்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. மையத்தை மறைக்கும் அந்தத் தூசியில் கணிசமான பகுதி வயதான மீன்கள் மூச்சுவிடும்போது துப்பியதுதான். 2019 கடைசியிலிருந்து 2020 பிப்ரவரிவரை திருவாதிரை வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே போய், வெடிக்கப் போகிறது என்று பேச்சு எழுந்ததே, நினைவிருக்கிறதா? வெடிக்கவில்லை. தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகித் தன் முகத்தையே மறைத்துக்கொண்டது. திரை போட்டதும் இவைதான், திரைக்குள் விளக்குப் பிடிப்பதும் இவைதான்.

ஜனவரி மாதம், நிலா இல்லாத இரவு, பத்து மணி. புதுமடம் கரையில் தெற்கு நோக்கி நிற்க வேண்டும். அங்கிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் இலங்கைகூடக் குறுக்கே வராது. அண்டார்டிகாவரை தண்ணீர்தான், ஆகவே ஊர் வெளிச்சத்தின் தொல்லை குறைவு. பளிச்சென்று உயரத்தில் நிற்பது அகத்திய மீன். அதற்குக் கீழே, அடிவானத்திலிருந்து பதினோரு பாகைதான் உயரத்தில், காற்று சுத்தமாக இருந்தால் புகைத்திட்டுபோல் ஒன்று தெரியக்கூடும். அதுதான் பெரிய மெகல்லன் மேகம், 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் இன்னொரு ஊர். சென்னையில் அது ஏழு பாகைக்கு மேல் ஏறாது.

அந்த மேகத்தின் நடுவிலும் ஒரு பட்டை உண்டு. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அன்னபூர்ணி சுப்பிரமணியம் (2019இல் அதன் இயக்குநரானவர்) 2003இல் அந்தப் பட்டை வளைந்திருப்பதைக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது துடிக்கும் மீன்களை அல்ல, மையத்தில் ஹீலியத்தை எரிக்கத் தொடங்கிவிட்ட நடுத்தரக் கிழடுகளை. அவற்றின் உண்மையான ஒளி ஏறக்குறைய ஒன்றுதான், ஒரே கம்பெனியின் ஒரே வாட் பல்புகள் போல. செந்தொகுப்பு மீன்கள் என்று சொல்லலாம். இந்தப் பல்பு சற்று மங்கலா, அது சற்று எட்டே. லட்சக்கணக்கில் அப்படிப் பார்த்தால் மேகத்தின் மேடு பள்ளம் தெரிந்துவிடுகிறது.

அதே தெற்குத் திசையில், மேகத்திலிருந்து ஒரு கைப்பிடி அகலம் மேலேயும் சற்று மேற்கேயுமாக ஆர் ரெட்டிகுலி இருக்கிறது. இங்கிருந்து பதினெட்டு பாகை உயரம். ரகுநாதாச்சாரிக்கு நுங்கம்பாக்கத்தில் பதினான்குதான் கிடைத்தது. உச்சத்தில் இருக்கும் மாதமென்றால் சாதாரண இருகண் நோக்கியில் அகப்படும். மற்ற மாதங்களில் அந்த இடம் வெறும் இருட்டு.